மணி அடிக்காத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி, ஐம்பத்து நான்கு படி. மூன்றாவது மாடியில் என் எதிர்வாசல்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பதினான்கு கட்டடங்களின் லிஃப்ட் அவர் கையால் ஓடுகிறது. அவரோ ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தினமும் மூச்சு வாங்கப் படியேறி வருவார். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. "மருந்துக்கடைக்காரர் வீட்ல தினமும் மாத்திரையா சாப்பிடறாங்க?" என்று அவரும் கூடவே சிரிப்பார்.

அவருக்கு 'ஒரே ரிங்' என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். முப்பத்தோரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இவருக்கும் அவருக்கும் இணைப்புக் கொடுத்தவள் நான். மணி அடித்ததும் எடுப்பவன் யார், அடித்து ஓயட்டும் என்று விடுபவன் யார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இவரைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, படியில் பாதி ஏறிக்கொண்டிருந்தாலும் சரி, இரண்டாவது மணிக்கு வேலையே இருக்காது. பதினான்கு லிஃப்ட்டிலும் பொத்தான்களுக்கு மேலே அவருடைய எண்ணை ஒட்டியிருக்கிறார்கள். அவருக்குக் கடை கிடையாது, பலகை கிடையாது, வீடு எங்கே என்று எந்தக் கட்டடத்துக்காரருக்கும் தெரியாது. அந்தப் பத்து இலக்கம்தான் எல்லாம்.

அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்க வேண்டிய படுக்கை விரிப்பை, மேசை விளிம்பில் வயிற்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒற்றை ஆளாக மடித்துவிடுவாள். வாரத்தில் ஆறு நாள் அந்த நீராவியில் வெந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து சமைப்பாள். சரியாகச் சோற்றில் கை வைக்கிற நேரத்துக்கு அந்தப் போன் அடிக்கும். அவர் எழுந்து ஓடுவார். திரும்பி வரும்போது சோறு விறைத்துப்போயிருக்கும்.

"எனக்கு சக்களத்தி அதுதான் அக்கா. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து கூடவே குடித்தனம் நடத்துது" என்பாள் என்னிடம்.

வருகிற அழைப்பில் பத்துக்கு ஒன்பது ஒன்றுமில்லாதது. விளக்கு மினுக்குகிறது, மின்விசிறி முனகுகிறது, கதவு சாத்தும்போது என்னமோ சத்தம். அதிலும் எட்டு மாடிக் கட்டடத்தின் செயலாளர் ஒருத்தர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரைக்கு அவருக்கு ஏதாவது ஒரு சத்தம் கேட்டே தீரும். "தும்மல் வந்தாலும் அந்த ஆளு டாக்டரக் கூப்பிட மாட்டாரு, இவரத்தான் கூப்பிடுவாரு" என்று கரித்துக்கொட்டுவாள். இவருக்கோ அந்தக் கட்டடத்தைச் சொல்லும்போதே பெருமையில் குரல் மாறிவிடும். தனியாகத் தொழிலில் இறங்கி முதன்முதலில் கையில் எடுத்த லிஃப்ட் அது.

இனி நடந்ததற்கு வருகிறேன். இதில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துச் சொன்னால் சொன்னதாக ஆகாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய போன் ஒரு லிஃப்ட் குழிக்குள் விழுந்து, எடுத்தவன் எவனோ இரண்டு நாள் உலகமெல்லாம் பேசித் தீர்த்தான். திரும்பக் கிடைத்ததும் போன் கடைக்காரர் சிம்முக்கு ஒரு பூட்டுப் போட்டுக் கொடுத்தார். போனை அணைத்துத் திரும்பப் போட்டால் நாலு இலக்க எண் கேட்கும், அதைக் கொடுத்தால்தான் உயிர் வரும். ஆனால் அவர் போனை அணைத்தால்தானே. அப்டேட் செய்யட்டுமா செய்யட்டுமா என்று அது மாதக்கணக்கில் நச்சரித்தது. 'பிறகு' என்று அமுக்கிவிட்டுப் போவார். "ஓடற மெஷின்ல எதுக்குக் கை வைக்கணும்?" என்பது அவர் கட்சி.

சனிக்கிழமை அவருடைய மகள் என் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டு வயது, வாய்க்குப் பூட்டே கிடையாது. வாயாடி என்றுதான் கூப்பிடுவேன்.

"பெரியம்மா, ஸ்கூல்ல எரிமலை பத்தி படம் கேட்டிருக்காங்க. அப்பா போன்ல நெட் தீந்துபோச்சு. உங்க வைஃபை பாஸ்வேர்ட் குடுங்க."

கொடுத்தேன். எரிமலைக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? படம் எடுத்து முடித்தவள் இணைப்பைத் துண்டிக்காமல் போனை வைத்துவிட்டாள். அவர் வழக்கம்போல் ஃபிரிட்ஜின் மேல் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தார். ஒரு பக்கம் சார்ஜ், ஒரு பக்கம் வைஃபை, தொடுவதற்கு ஆளில்லை. இத்தனை மாதம் தள்ளிப்போட்ட அப்டேட்டுக்கு வேறென்ன வேண்டும்? விடிவதற்குள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, ஒரு தடவை அணைந்து எழுந்து, சிம் பூட்டு எண்ணைக் கேட்டுக்கொண்டு நின்றது.

ஆறு மணிக்குப் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்த மனைவி அதைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையும் விடிந்ததும் விடியாததுமாக இது ஆரம்பித்துவிட்டதே என்ற எரிச்சலில், 'சரி', 'ரத்து' என்று இரண்டு இருந்ததில் ரத்தை அமுக்கிவிட்டாள். திரையில் வழக்கமான கடிகாரம் வந்தது. அவளும் பாலைக் காய்ச்சப் போய்விட்டாள்.

அன்றைக்குப் புழுக்கம் தாங்க முடியவில்லை. மழை வருவதாகப் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. எட்டு மணி ஆனது, ஒன்பது ஆனது, எதிர் வீட்டுப் போன் அடிக்கவில்லை. எனக்கே காது ஒரு மாதிரி இருந்தது. பத்து மணிக்கு அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் போனோடு என் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. எப்பவும் நாலு கோடு இருக்குமே, அந்த இடத்துல என்னமோ குறுக்கால அடிச்சிருக்கு."

"எப்பலேர்ந்து?"

"காலைல ஏதோ நம்பர் கேட்டுச்சு. நான் ரத்துன்னு அமுக்கிட்டேன்."

என் வீட்டுத் தரைவழிப் போனிலிருந்து அவர் எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றாள் ஒருத்தி. கையில் போன் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கிறது, காதில் இப்படிச் சொல்கிறாள். விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்துவிட்டது.

"போய்ச் சொல்லு. நம்பர் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். போட்டா சரியாயிடும்" என்றேன்.

அவள் நகரவில்லை. புடவைத் தலைப்பால் போனின் முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"மதியம் வரைக்கும் இருக்கட்டுமே அக்கா."

"என்னது?"

"மீன் வாங்கியிருக்கேன். பொரிச்சு சுடச்சுட போடறேன். சாப்பிட்டு எழுந்ததும் நானே சொல்லிடறேன். ஒரு வேளைதானே? என்ன குடி முழுகிடப்போகுது? வர்றதெல்லாம் ஃபேன் சத்தம், லைட்டு சத்தம்."

இணைப்புக் கேட்டவனுக்கு இணைப்புக் கொடுக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் குடியிருப்பிலேயே தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். அத்தனை வருஷம் சலவை நீராவியில் சிவந்துபோன முகத்தில், பரீட்சை முடிந்து விடுமுறை விட்ட பிள்ளைக்கு வருமே, அப்படி ஒரு ஆசை. "சரி" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

பதினொரு மணிக்கு மேல் அவர் வராந்தாவுக்கு வந்தார். கையில் போன். கண்ணாடி போடாமல் பக்கத்தில் இருப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. அந்தச் சின்னக் குறியெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

"அக்கா, பாத்தீங்களா? ஒரு மிஸ்டு கால் கிடையாது."

"அப்படியா?" என்றேன் தரையைப் பார்த்து.

"போன மாசம் பதினாலு லிஃப்ட்டுக்கும் பெட்டி ஓடற கைட் ரெயில் கழுவி புது ஆயில் விட்டேன். கதவு ரோலர் பூரா மாத்தினேன். எல்லாரும் எதுக்கு இவ்ளோ இழுத்துப் போட்டுச் செய்யறன்னு கேட்டாங்க. இப்ப தெரியுதா எதுக்குன்னு? ஒருத்தன் வாயத் திறக்கல!"

ஊரே வாயைத் திறந்துகொண்டிருக்கிறது, இவர் காதுக்கு வரவில்லை என்று எப்படிச் சொல்வது? மனிதர் பூரித்துப்போய் நின்றார். வேலை பார்க்கிறவனுக்கு யாரும் வந்து பாராட்டு வாசிப்பதில்லை. குறை சொல்லாமல் இருப்பதுதான் அவனுக்குப் பாராட்டு. அதை அன்றைக்கு முழுசாக வாங்கிக்கொண்டு நிற்கிற ஆளிடம் போய்ச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஒரு மணிக்கு அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டு கதவும் திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"இன்னொரு துண்டு வைக்கட்டுமா?"

"வை. மீன் இவ்ளோ மொறுமொறுன்னா இருக்கும்?"

"எப்பவும் இப்படித்தாம்பா இருக்கும். நீ வர்றதுக்குள்ள ஊறிப்போயிடும்" என்றாள் வாயாடி.

சாப்பிட்டதும் சொல்கிறேன் என்றவள் சொல்லவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே பாயில் சாய்ந்து, பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கிப்போனார். வாசல்வரை வந்து அவள் என்னைப் பார்த்தாள். 'எழுப்பு' என்று சைகை காட்டினேன். 'எப்படி?' என்று கையை விரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். மணி இரண்டானது, மூன்றானது. மூன்றே காலுக்கு அவரே எழுந்து, துவைத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "எல்லாரும் கிளம்புங்க, ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"எங்கப்பா?"

"எட்டு மாடிக்கு. மொட்டை மாடில நின்னா ஆறு, பாலம் எல்லாம் தெரியும். எத்தனை வருஷமா சொல்றேன். எங்க லிஃப்ட்ல ஏறிப் பாருங்க. தம்ளர்ல தண்ணி வெச்சா அலுங்காது."

அவள் முகம் செத்துவிட்டது. "அக்கா, நீங்களும் வாங்க" என்று என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் என் வளையல் அழுந்தியது. வழியெல்லாம் அவர் முன்னால் பேசிக்கொண்டே நடந்தார். நாங்கள் பின்னால்.

"போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லிடு" என்றேன் மெதுவாக.

"அந்த மரம் தாண்டினதும் சொல்லிடறேன்."

மரம் தாண்டியது. பெட்டிக்கடை தாண்டியது. எட்டு மாடிக் கட்டடத்தின் வாசல் தெரிந்தது. வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நின்றார்கள். காவல்காரர் எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"எங்கய்யா போயிட்டீங்க? போன் போட்டுப் போட்டு விரலே தேஞ்சுபோச்சு! செயலாளர் ஐயா உள்ள மாட்டிக்கிட்டாரு. பன்னெண்டு மணிலேர்ந்து!"

மெக்கானிக் ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு ஓடினார். அப்படி அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றிருந்தது பெட்டி. செயலாளர் கடைக்குப் போய்விட்டுப் பையோடு ஏறியிருக்கிறார். சர்க்கரை வியாதிக்காரர், எழுபது வயது. உள்ளே விசிறியும் நின்றுவிட்டது. ஆறாவது மாடி வாசலில் மெக்கானிக் முக்கோணச் சாவியைப் போட்டுக் கதவை ஒரு சாண் திறந்து கட்டை வைத்தார். கதவின் அடியில் பெட்டியின் தலைப்பகுதி மட்டும் தெரிந்தது.

"சார்! சார், நான் வந்துட்டேன்!"

கொஞ்ச நேரம் பதிலில்லை. அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேரும் செத்துப் பிழைத்தோம். அப்புறம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல் வந்தது.

"வா. மெதுவாவே செய். கதவ உடைக்கணும்னு நிக்கறாங்க, விடாத."

மேலே மொட்டை மாடியில் மெஷின் அறை. மெயினை அணைத்துவிட்டு, பிரேக்கைக் கையால் விடுவித்துக்கொண்டு, சிவப்புச் சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, பெட்டியை ஆறாவது மாடி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். சுற்றுகிறவருக்குப் பெட்டி தெரியாது. கீழே நிற்கிறவர் போனில் சொல்ல வேண்டும். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், கண்ணுக்கு நேராகத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், "என்ன எழவு இது, டவரே இல்ல" என்று திரும்பப் போட்டார். "நீ இங்க நில்லு" என்றார் மனைவியிடம். "டார்ச்சப் புடி. கிட்டப் போகாத. பெட்டியோட தரை இந்தப் படிக்கு எத்தனை கீழ இருக்குன்னு சொல்லிக்கிட்டே இரு. பாப்பா, நீ ஏழாவது மாடிப் படில நின்னு அம்மா சொல்றத அப்படியே கத்து. அக்கா, நீங்க எட்டுல."

யாராவது ஒருத்தர் போனைக் கொடுத்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. முட்டி வலியை மறந்து எட்டாவது மாடி ஏறினேன்.

"ஒரு ஆள் உயரம்!" என்று கீழே அவள் குரல்.

"ஒரு ஆள் உயரம்!" என்றாள் வாயாடி.

"ஒரு ஆள் உயரம்!" என்று நான் மொட்டை மாடியைப் பார்த்துக் கத்தினேன். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் கழித்து மறுபடி ஒரு இணைப்பு.

மேலே சக்கரம் கரகரவென்று அரைச் சுற்றுச் சுற்றி நிற்கும். மறுபடி அரைச் சுற்று. பெட்டியில் ஒரே ஒரு ஆள் இருந்தால், கம்பியின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை அதைத் தானாக மேலே இழுக்கப் பார்க்குமாம். பிரேக்கை ஒரு மூச்சு அதிகமாக விட்டால் கைமீறிவிடும் என்று பிறகு சொன்னார். அது தெரியாததால்தான் நான் தைரியமாகக் கத்தினேன்.

"இடுப்பு உயரம்! முழங்கால்! ஒரு சாண்! நாலு விரல்! போதும், போதும்!"

'போதும்' என்று கத்தும்போது அவள் குரல் உடைந்தது. அதையும் வாயாடி அப்படியே உடைத்துத்தான் மேலே அனுப்பினாள்.

அவர் தடதடவென்று இறங்கி வந்து கதவைத் திறந்தார். செயலாளர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவரை நான் ஏதோ ஆஜானுபாகுவான ஆள் என்று நினைத்திருந்தேன். ஒடிசலான, குட்டையான மனிதர். சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது. மடியில் பாதி தின்ற ரொட்டிப் பாக்கெட். அதுதான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. மெக்கானிக் அவரைத் தோளோடு அணைத்துத் தூக்கினார். வெளியே வந்த செயலாளர் கூடியிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நான் சொன்னேன்ல? வருவான்னு சொன்னேன்ல?"

காவல்காரர் என்னிடம் சொன்னார். "ரெண்டு மணிக்கே தீயணைப்புக்குப் போன் போடறோம்னு சொன்னோம்மா. ஐயா உள்ளேர்ந்து விடவே இல்ல. நான் செயலாளரான ஏழு வருஷத்துல அவன் எடுக்காத கால் கிடையாது, ஏதோ வேலைல இருக்கான், வந்துடுவான்னாரு. ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கேன், போங்கடான்னு திட்டினாரு."

இதை அவளும் கேட்டாள். சுவரில் சாய்ந்துகொண்டாள்.

செயலாளருக்குத் தண்ணீர் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "எத்தனை தடவ கூப்பிட்டேன் தெரியுமா? ஏம்ப்பா எடுக்கல?" என்றார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மெக்கானிக் யாரிடமோ கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு போனை நோண்டினார். "அட, அப்டேட் ஆயிருக்கு சார். ராத்திரி தானாவே ஆகி, அணைஞ்சு எழுந்து, சிம் நம்பர் கேட்டுக்கிட்டு நிக்குது."

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும் போன மாதம் அப்டேட்டுக்குப் பிறகு டவரே வரவில்லை என்றார் ஒருவர். எனக்கு நெட் வருகிறது, கால் மட்டும் போகவில்லை, கடைக்காரன் ஏதோ செட்டிங் மாறிவிட்டது என்றான் என்றார் இன்னொருவர். இரண்டு சிம்மில் ஒன்றை அது தானாக அணைத்துவிட்டது என்றாள் ஒரு பெண். குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்டான். போனைத் தவிர வேறு யாரையும் யாரும் தேடவில்லை.

மெக்கானிக் நாலு இலக்கம் தட்டினார்.

"என்ன நம்பர்ப்பா? உங்க கல்யாண நாளா?" என்றாள் வாயாடி.

"இல்ல, இந்த லிஃப்ட்டோட மெஷின் நம்பர்" என்றார். பூட்டு எண்ணைச் சபையில் சொல்லுகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கோடு நான்கும் வந்தது. வந்ததும் போன் கத்த ஆரம்பித்தது. தவறிய அழைப்புச் செய்தி ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. நிற்கவே இல்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தோள் ஒடுங்கியது. பத்தோ பன்னிரண்டோ அடித்திருக்கும்.

"அது மேல தப்பு இல்ல சார்" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"காலைல ஆறு மணிக்கே நம்பர் கேட்டுச்சு. நான்தான் ரத்துன்னு அமுக்கினேன். அப்ப தெரியாது. பத்து மணிக்குத் தெரிஞ்சுடுச்சு. போன் வராதுன்னு நல்லாத் தெரிஞ்சுதான் அவர்கிட்ட சொல்லாம இருந்தேன்."

நானும் வாயைத் திறந்திருக்க வேண்டும். எனக்கும் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்து வாய் அடைத்துவிட்டது. மெக்கானிக் அவளையே பார்த்தார். புரியாமல் பார்த்தார்.

"ஏம்மா?" என்றார் செயலாளர்.

"இவரு சுடச்சுட சாப்பிட்டு நான் பார்த்ததே இல்ல சார்."

செயலாளர் ரொட்டித் தூளைச் சட்டையிலிருந்து தட்டினார். நிதானமாகத் தட்டினார்.

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாரு."

"அப்புறம்?"

"தூங்கினாரு."

"ம்." எழுந்துகொண்டார். "நான் இன்னும் சாப்பிடலம்மா. போய்ப் படியேறிச் சாப்பிடறேன்." நாலடி போனவர் திரும்பி, "உன்மேல கோவம் இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு காவல்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏழாவது மாடிக்கு ஏறினார்.

கதவுப் பூட்டில் மின்சாரம் பாயும் தொடுமுனை கருகியிருந்தது, அதுதான் லிஃப்ட்டை நிறுத்தியிருக்கிறது. அதைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் மெக்கானிக் கிளம்பினார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நாலு பேரும் நனைந்துகொண்டே வந்தோம், ஒதுங்கலாம் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

ஏழு மணிக்கு மனசு கேட்காமல் எதிர் வீட்டுக்குப் போனேன். அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். வாயாடி சாப்பிட்டுவிட்டு உள்ளே படித்துக்கொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல்.

"எனக்கும் தெரியும்" என்றேன் வாசலிலேயே நின்று. "பத்து மணிக்கு எங்கிட்ட காட்டினா. சரின்னு சொன்னதே நான்தான். அங்கேயே சொல்லியிருக்கணும், கோழை மாதிரி நின்னுட்டேன்."

அவர் தலையாட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

"பதினோரு மணிக்கு வராந்தாவுல நின்னு பெருமையடிச்சேன்" என்றார். "ஒருத்தன் வாயத் திறக்கலன்னு. சாயந்திரம் வரைக்கும் அந்த ஆளு நான் வருவேன் வருவேன்னு நம்பிக்கிட்டு உள்ள உட்காந்திருக்காரு."

"நானும்தான்" என்றாள் அவள். "பதிமூணு வருஷமா."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கே திக்கென்றது. வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் நிமிர்ந்தார்.

"ஒரு நாளும் சொன்னதில்லையே நீ."

"எப்படிச் சொல்றது? வேலைக்குப் போனா நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சொல்லணும்னா அந்த நம்பருக்குத்தானே போடணும்? அது எப்பவும் பிசியா இருக்குது."

அவர் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். "செஞ்சது தப்புதாங்க" என்று அவள் சொல்லும்போதே ஃபிரிட்ஜின் மேலிருந்து போன் அடித்தது.

அவருடைய உடம்பு பாதி எழுந்துவிட்டது. எழுந்தது அப்படியே நின்றது. அவளைப் பார்த்தார். இரண்டாவது மணி அடித்தது. அவருடைய போனில் இரண்டாவது மணி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"எடுங்க" என்றாள். குரல் பதறியது. "யாராவது உள்ள இருந்துடப் போறாங்க, எடுங்க!" போனை அவளே எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"சொல்லுங்க சார்... ஆமா, நான்தான்." கேட்டுக்கொண்டார். எப்போதும் இந்த இடத்தில் 'இதோ வரேன்' என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார். அன்றைக்கு ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

அந்தப் பக்கம் என்னமோ சொன்னார்கள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. பெட்டி காலிதானே? கதவு சத்தம் மட்டும்தானா?... சரி. யாரையும் ஏற விடாதீங்க, மெயின அணைச்சு வைங்க. சாப்பிட்டுக்கிட்டிருக்கேன் சார். முடிச்சுட்டு வரேன்."

போனை வைத்தார். உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். அவள் கரண்டியை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றாள், போடவும் தோன்றாமல், வைக்கவும் தோன்றாமல். ஒரு வாய் உண்டவர் தரையை இப்படியும் அப்படியும் பார்த்தார். எதையோ தேடுகிறார் என்று நினைத்தேன்.

"உன் தட்டு எங்க?" என்றார்.

பதின்மூன்று வருஷத்தில் அதை அவர் கேட்டு நான் கேட்டதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.